வங்கி சொல்லும் பாதுகாப்பு மென்பொருளை நிறுவலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வங்கியின் இணையதளத்தில் நுழைந்ததும் ஒரு பெட்டி எழுந்து நிற்கிறது: "உங்கள் பாதுகாப்புக்காக இந்த மென்பொருளை இப்போதே நிறுவுங்கள்." கீழே இரண்டு பொத்தான்கள். "நிறுவு" என்பது பெரிதாகப் பளிச்சென்று இருக்கிறது. "பிறகு பார்க்கலாம்" என்பது கண்ணுக்குத் தெரியாத அளவில் மூலையில் கிடக்கிறது. பணம் வைத்திருக்கும் இடம் சொல்கிறது என்பதால் ஒதுக்கவும் மனம் வராது. தெரியாத ஒன்றைக் கணினியில் ஏற்றவும் கை வராது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயங்குதளமும் உலாவியும் புதுப்பித்த நிலையில் இருந்து, ஒரு நல்ல வைரஸ் தடுப்பும் இயங்கிக்கொண்டிருந்தால், வங்கி பரிந்துரைக்கும் தனி மென்பொருள் பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குத் தேவைப்படாது. ஆனால் அதை வங்கி கட்டாயமாக்கியிருந்தாலோ, பணம் போனால் யார் பொறுப்பு என்பதை அதோடு முடிச்சுப் போட்டிருந்தாலோ நிலைமை வேறு. அப்போது நிறுவலாம், நிறுவும் முறையில் கவனம் வேண்டும். உங்கள் நிலை இந்த இரண்டில் எது என்று கண்டறியத்தான் கீழே உள்ள படிகள். வரிசை மாறாமல் போவது நல்லது. முதல் படியில் தவறினால் மற்றவற்றால் பயனில்லை.

படி 1: சொல்வது வங்கிதானா?

"பாதுகாப்பு மென்பொருள்" என்ற வேடத்தைத் திருடர்கள் பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறார்கள். 2012இல் ஐரோப்பாவில் வெளிச்சத்துக்கு வந்த யூரோகிராபர் என்ற தாக்குதலை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். முதலில் ஆளின் கணினியில் தீநிரல் நுழைந்தது. அடுத்த முறை அவர் வங்கித் தளத்துக்குப் போனபோது, பக்கத்துக்குள்ளேயே ஓர் அறிவிப்பு வந்தது: பாதுகாப்பை மேம்படுத்த உங்கள் செல்பேசி எண்ணைத் தாருங்கள். எண்ணைத் தந்ததும் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: இந்த இணைப்பைத் தொட்டுப் பாதுகாப்பு மென்பொருளை நிறுவுங்கள். நிறுவியது ஓடிபியைத் திருடும் நிரல். இப்படி 30,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடமிருந்து சுமார் 3.6 கோடி யூரோ போனதாக அந்தத் தாக்குதலை ஆராய்ந்த நிறுவனங்கள் அறிவித்தன. அவர்களில் பலர் அலட்சியக்காரர்கள் என்று சொல்ல முடியாது. பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்ததால்தான் அந்த இணைப்பைத் தொட்டார்கள்.

ஆகவே அறிவிப்பு எந்த வழியாக வந்தது என்று முதலில் பாருங்கள்.

தொலைபேசியில் ஒருவர் பேசி, "வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து அழைக்கிறோம், இந்தச் செயலியை ஏற்றுங்கள்" என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இதற்கு விதிவிலக்கு எதுவும் கிடையாது. அவர் ஏற்றச் சொல்வது பெரும்பாலும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தொலைவிலிருந்து திரையை இயக்கும் செயலியாக இருக்கும். அந்தச் செயலிகள் நேர்மையான வேலைக்காக உருவானவை. அலுவலகங்களில் தினமும் பயன்படுகின்றன. அதனால்தான் வைரஸ் தடுப்புகள் பெரும்பாலும் அவற்றைப் பார்த்துக் கூச்சல் போடுவதில்லை. உங்கள் பணத்தைக் காப்பாற்ற உங்கள் திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் எந்த வங்கிக்கும் இல்லை.

மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ இணைப்பு வந்தால் அதைத் தொடாதீர்கள். வங்கியின் முகவரியை நீங்களே உலாவியில் தட்டச்சு செய்து, அல்லது முன்பே சேமித்து வைத்த புக்மார்க்கிலிருந்து உள்ளே போங்கள். தேடுபொறியில் வங்கியின் பெயரைப் போட்டுத் தேடுவதையும் தவிருங்கள். மேலே விளம்பரமாக வரும் முதல் முடிவு போலித்தளமாக இருந்த சம்பவங்கள் உண்டு. உள்ளே போனதும், பாதுகாப்பு பற்றிய பக்கத்தில் அதே மென்பொருளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த அறிவிப்பு பொய்.

வங்கித் தளத்துக்குள்ளேயே அறிவிப்பு வந்தாலும் முழுமையாக நம்பிவிட முடியாது என்பது யூரோகிராபரில் தெரிந்துபோன விஷயம். வேறொரு சாதனத்தில், உதாரணமாகச் செல்பேசியின் உலாவியில், அதே தளத்தைத் திறந்து அதே மென்பொருளைப் பற்றிய பக்கம் அங்கும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், உங்கள் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

படி 2: அது எந்த வகை மென்பொருள்?

"பாதுகாப்பு மென்பொருள்" என்ற ஒரே பெயரில் வங்கிகள் வெவ்வேறு பொருள்களைத் தருகின்றன.

ஒன்று, சாதாரண வைரஸ் தடுப்பு மென்பொருள். ஏதோ ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஓர் ஆண்டுக்கோ அதற்கு மேலோ இலவச உரிமம் தருவார்கள். இதில் பெரிய மர்மம் இல்லை. கணினியில் ஏற்கெனவே நல்ல வைரஸ் தடுப்பு இருந்தால் இது வேண்டாம். இலவசக் காலம் முடிந்ததும் கட்டணம் தானாகக் கழிக்கப்படுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, வங்கிப் பரிமாற்றத்துக்கென்றே உருவான உலாவிக் காவல். இதில் பெயர்பெற்றது டிரஸ்டீர் நிறுவனத்தின் ராப்போர்ட். அந்த நிறுவனத்தை ஐபிஎம் 2013இல் வாங்கியது. பிரிட்டனில் பல பெரிய வங்கிகள் இதை இலவசமாகத் தந்திருக்கின்றன. பிரேசிலில் இதே இடத்தில் வார்சா என்ற மென்பொருள் இருக்கிறது. அங்கே சில வங்கிகளில் அது இல்லாமல் கணினி வழியே கணக்குக்குள் நுழைவதே கடினம். இந்த வகை மென்பொருள் விசைப்பலகைக்கும் உலாவிக்கும் இடையே நின்று தட்டல்களை மறைக்கும். திரையைப் படம் பிடிப்பதைத் தடுக்கும். நீங்கள் நிற்பது உண்மையான வங்கித் தளம்தானா என்று சரிபார்க்கும். வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு தளத்தில் தட்டினால் எச்சரிக்கும்.

மூன்றாவது வகையைத் தென்கொரியாவில் பார்க்கலாம். ஒரு வங்கிக்குள் நுழைய விசைப்பலகைக் காவல் ஒன்று, இணைய இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் ஒன்று, உங்கள் அடையாளத்தைக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழைக் கையாள ஒன்று, இவை எல்லாவற்றையும் நிறுவித்தர இன்னொன்று என்று ஒரு மூட்டையே கணினியில் இறங்கும். அந்த அனுபவத்திலிருந்து நாம் எல்லோரும் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. நான்காம் படியில் அதற்கு வருகிறேன்.

உங்கள் வங்கி சொல்வது எந்த வகை என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மென்பொருளின் பெயரையும் அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: அது எதைத் தடுக்கிறது?

இரண்டாம் வகை மென்பொருள்கள் எதற்காகப் பிறந்தன என்பதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

2007இல் ஜீயஸ் என்ற தீநிரல் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன்பு கடவுச்சொல்லைத் திருட, பெரும்பாலும் போலித்தளம் போடுவார்கள் அல்லது விசைத் தட்டல்களைப் பதிவு செய்யும் கீலாகரை ஏற்றுவார்கள். ஜீயஸ் உலாவிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. வங்கித் தளத்திலிருந்து வரும் பக்கம் மறைகுறியாக்கத்துடன் பத்திரமாகத்தான் கணினிவரை வந்தது. உலாவி அதைப் பிரித்துத் திரையில் காட்டும் அந்தக் கணத்தில் ஜீயஸ் பக்கத்தைத் திருத்தியது. முகவரிப் பட்டையில் பூட்டு அடையாளம் சரியாகத் தெரியும். முகவரியில் ஓர் எழுத்துகூடப் பிழையாக இருக்காது. ஆனால் பக்கத்தில் வங்கி கேட்காத ஒரு கட்டம் முளைத்திருக்கும்: உங்கள் அட்டையின் ரகசிய எண்ணைத் தாருங்கள்.

இதைவிட மோசமான உத்தியும் வந்தது. நீங்கள் ஒருவருக்கு 5,000 அனுப்ப உத்தரவு தருகிறீர்கள். பின்னணியில் தொகையும் கணக்கு எண்ணும் மாறி வங்கிக்குப் போகின்றன. திரையில் மட்டும் நீங்கள் தட்டிய 5,000 தெரிகிறது. ஓடிபி வருகிறது, நீங்களே தட்டுகிறீர்கள். வங்கியைப் பொறுத்தவரை எல்லாம் முறைப்படி நடந்துவிட்டது. 2011இல் ஜீயஸின் மூலநிரல் வெளியே கசிந்தது. அதிலிருந்து பல வாரிசுகள் கிளைத்தன.

ராப்போர்ட் போன்றவை இந்த நோய்க்கு மருந்தாக வந்தவை. அன்றைய நிலையில் அது நியாயமான மருந்துதான். அன்றைய உலாவிகள் பலவீனமானவை, பலருடைய விண்டோஸ் பழையது, தரமான வைரஸ் தடுப்பு இல்லாத கணினிகள் ஏராளம். இன்று விண்டோஸ் 10, 11இல் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் என்ற வைரஸ் தடுப்பு கூடவே வருகிறது. உலாவிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. மருந்து தேவைப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது.

தொகையை மாற்றும் இந்த உத்திக்கு உண்மையான தடுப்பு கணினிக்கு வெளியே இருக்கிறது. பெறுபவர் யார், தொகை எவ்வளவு என்பதை வேறொரு சாதனத்தில் காட்டி, அங்கே உறுதி கேட்கும் முறைதான் அது. வங்கிச் செயலியில் வரும் ஒப்புதல் அறிவிப்போ, வங்கி தரும் சிறு கருவியோ, தொகையும் கணக்கின் கடைசி எண்களும் உள்ள ஓடிபிச் செய்தியோ அந்த வேலையைச் செய்யலாம். ஓடிபியின் ஆறு எண்களை மட்டும் பார்த்துத் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்தச் செய்தியை முழுதாகப் படியுங்கள். தொகை சரியா, கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் சரியா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் பல மென்பொருள்களுக்குச் சமம் என்று உறுதியாக நம்புகிறேன்.

எந்த மென்பொருளும் தடுக்க முடியாத ஒன்று இருக்கிறது: நீங்களே மனமொப்பி அனுப்பும் பணம். முதலீட்டு ஆசை காட்டி, கைது மிரட்டல் விடுத்து, உறவினர் குரலில் பேசிப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறும்போது கணினியில் தீநிரலே இருக்காது. எல்லாப் பூட்டும் சரியாக இருக்க, உரிமையாளரே கதவைத் திறந்து பணத்தை எடுத்துத் தருகிறார். உலாவிக் காவல் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். "மென்பொருள் போட்டாயிற்று, இனி பயமில்லை" என்ற நினைப்பு ஆபத்தாக மாறுவது இங்கேதான்.

படி 4: அதை ஏற்றுவதால் வரும் ஆபத்து

இலவசம் என்பதால் செலவே இல்லை என்று எண்ண வேண்டாம். பாதுகாப்பு மென்பொருள் தன் வேலையைச் செய்ய, கணினியில் மிக ஆழமான அதிகாரத்தைக் கேட்கிறது. விசைத் தட்டல்களைக் காக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல்வரை போக வேண்டியிருக்கும். உலாவியைக் காக்க வேண்டுமென்றால் உலாவிக்குள் தன் நிரலை நுழைக்க வேண்டும். தீநிரல் செய்வதும் அதைத்தான். நோக்கத்தில் வேறுபாடு உண்டே தவிர, அந்த ஆழத்தில் ஒரு பிழை நேர்ந்தால் விளைவும் ஆழமாகவே இருக்கும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. அது வீட்டுக் கணினிகளுக்கான மென்பொருள் இல்லை, நிறுவனங்களுக்கானது. தாக்கியது திருடரும் இல்லை. காவலுக்கு வைத்த மென்பொருளின் ஒரு பிழை மட்டுமே அவ்வளவையும் செய்தது.

உலாவிக்குள் நிரல் நுழைப்பதைப் பற்றி 2017 நவம்பரில் கூகுள் ஒரு கணக்கைச் சொன்னது: விண்டோஸில் குரோம் உலாவிக்குள் வேறு மென்பொருள்கள் நிரல் நுழைக்கும் கணினிகளில், உலாவி செயலிழக்கும் வாய்ப்பு 15 விழுக்காடு கூடுதல். அப்படி நுழைவதைப் படிப்படியாகத் தடுக்கப்போவதாகவும் அறிவித்தது. வங்கி மென்பொருளை ஏற்றிய பிறகு உலாவி மெதுவாகிறது, பக்கங்கள் திறக்க மறுக்கின்றன என்று பலர் புலம்புவதற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம்.

தென்கொரிய அனுபவம் இதைவிடக் கவலை தருவது. 1990களின் இறுதியிலிருந்து அங்கே இணைய வங்கி, தனிச் சான்றிதழ்களையும், உலாவி வழியே கணினியில் ஏறி இயங்கும் ஆக்டிவ்எக்ஸ் நிரல்களையும் சுற்றியே வளர்ந்தது. நிறுவச் சொன்னால் நிறுவ வேண்டும், "சரி" என்று பெட்டி வந்தால் சரி என்று அழுத்த வேண்டும் என்ற பழக்கம் ஒரு தலைமுறைக்கே ஊறிப்போனது. ஆக்டிவ்எக்ஸ் மறைந்த பிறகும் மூட்டை மூட்டையாக மென்பொருள் நிறுவும் வழக்கம் போகவில்லை. ஆட்பிளாக் பிளஸ் என்ற விளம்பரத் தடுப்பை உருவாக்கிய பாதுகாப்பு ஆய்வாளர் விளாதிமிர் பலாண்ட், 2023 ஜனவரி முதல் அந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எழுதினார். தட்டல்களைத் திருட்டிலிருந்து காக்க வந்த டச்என் என்எக்ஸ்கீ என்ற மென்பொருளில் அவர் கண்ட குறைகள், தட்டல்களைக் கவர்வதற்கே அதைப் பயன்படுத்த இடம் கொடுத்தன.

அதற்கு முன்பே, 2020 நவம்பரில், இசெட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் இன்னொன்றை வெளிப்படுத்தியது. வங்கி மென்பொருள்களை மொத்தமாக நிறுவித்தரும் வெராபோர்ட் என்ற மென்பொருளையே லாசரஸ் என்ற தாக்குதல் குழு வாகனமாக்கிக்கொண்டது. ஊடுருவப்பட்ட, ஆனால் உண்மையான தளங்கள் வழியாக, மென்பொருளை உருவாக்கியது யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைத் திருடி ஒட்டிக்கொண்டு தீநிரல் மக்களின் கணினிக்குள் இறங்கியது. பயனர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. நிறுவச் சொன்னதை நிறுவி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வங்கி சொல்லும் எல்லா மென்பொருளும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. நிறுவும் ஒவ்வொரு மென்பொருளும் நீங்கள் நம்ப வேண்டிய இன்னொரு ஆள். அந்த நம்பிக்கைக்கு ஈடாக அது என்ன தருகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படி 5: கட்டாயமா, பரிந்துரையா? எழுத்தில் கேளுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் பணம் போன பிறகு எழும் முதல் கேள்வி இதுதான்: நீங்கள் உரிய கவனத்தோடு இருந்தீர்களா? இணைய வங்கிச் சேவையில் சேரும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைத் தேடி எடுத்து, வாடிக்கையாளரின் பொறுப்புகள் என்ற பகுதியைப் படியுங்கள். "புதுப்பித்த வைரஸ் தடுப்பு இருக்க வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறார்களா, குறிப்பிட்ட ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதை டிஃபென்டரே நிறைவேற்றிவிடலாம்.

தெளிவில்லை என்றால், கணக்குக்குள் இருக்கும் பாதுகாப்பான செய்திப் பெட்டியில் இப்படி எழுதுங்கள்:

"உங்கள் இணைய வங்கிச் சேவையில் ______ என்ற மென்பொருளை நிறுவச் சொல்லி அறிவிப்பு வருகிறது. இதை நிறுவுவது கட்டாயமா, பரிந்துரை மட்டுமா? நிறுவாத வாடிக்கையாளரின் கணக்கில் மோசடி நடந்தால், நிறுவாததைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்படுமா? என் கணினியில் ஏற்கெனவே புதுப்பித்த வைரஸ் தடுப்பு இயங்குகிறது, அது போதுமா? இந்த மென்பொருள் என்னென்ன தகவல்களைச் சேகரிக்கிறது, யாருக்கு அனுப்புகிறது? பதிலை எழுத்தில் தர வேண்டுகிறேன்."

வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் "அதெல்லாம் தேவையில்லைங்க" என்று ஒருவர் சொன்னதைப் பின்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

படி 6: முதலில் அடித்தளம்

மென்பொருள் வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை சில உண்டு. இவற்றைச் செய்யாமல் வங்கி மென்பொருளை மட்டும் ஏற்றினால் பாதுகாப்பு வந்துவிடாது.

இயங்குதளம் இன்னும் புதுப்பிப்பு பெறுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேராத விண்டோஸ் 10 கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள். கைவிடப்பட்ட இயங்குதளத்தின் ஓட்டைகளை எந்தக் காவல் மென்பொருளாலும் அடைக்க முடியாது.

விண்டோஸ் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து, நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். வேறொரு வைரஸ் தடுப்பை நிறுவினால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். பிறகு அந்த உரிமம் காலாவதியாகி, புதுப்பிப்பே இல்லாமல் பெயருக்கு ஒரு காவல் நின்றுகொண்டிருக்கலாம். 

அடுத்து, உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான எக்ஸ்டென்ஷன்கள். நீங்கள் போகும் பக்கங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி பெற்றவை அவற்றில் ஏராளம். ஜீயஸ் பாடுபட்டுப் பெற்ற அதிகாரத்தை நாமே ஒரு சொடுக்கில் தந்துவிடுகிறோம். இதற்கு எளிய வழி, உலாவியில் வங்கிக்கென்று தனி சுயவிவரம் ஒன்றை உருவாக்குவது. அதில் கடவுச்சொல் மேலாளரைத் தவிர எந்த எக்ஸ்டென்ஷனும் வேண்டாம். வங்கி வேலையை அதில் மட்டும் செய்யுங்கள்.

கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து நிரப்பும் கடவுச்சொல் மேலாளரைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் கடவுச்சொல்லை நிரப்பும். போலித்தளத்தில் நிரப்பாது. அது நிரப்ப மறுத்தால் உடனே நின்று முகவரியைப் பாருங்கள். போலித்தளத்தைக் கண்டுபிடிக்க வங்கி மென்பொருள் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் சாதனத்தின் பூட்டைத் திறந்தே கணக்குக்குள் நுழைய விடும் பாஸ்கீ வசதியை உங்கள் வங்கி தந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். போலித்தளத்தால் அதைக் கறக்க முடியாது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி அல்லாத கணக்கு, பரிமாற்ற உச்சவரம்பைக் குறைத்து வைப்பது, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உடனடி அறிவிப்பு. இவையும் கூடவே இருக்கட்டும்.

படி 7: இப்போது முடிவெடுங்கள்

நிபந்தனைகளில் அந்த மென்பொருளின் பெயர் இருக்கிறது, அது இல்லையென்றால் இழப்பீட்டில் சிக்கல் வரும் என்றால், நிறுவுங்கள். நிறுவ மனமில்லையென்றால் வங்கியின் செல்பேசிச் செயலி வழியாக மட்டும் கணக்கை நடத்தலாமா என்று கேளுங்கள். பல வங்கிகளில் இந்தக் கட்டாயம் கணினிக்கு மட்டும்தான்.

கணினியை வீட்டில் பலர் பயன்படுத்துகிறார்கள், பிள்ளைகள் விளையாட்டுகளையும் இலவச மென்பொருள்களையும் இறக்குகிறார்கள் என்றால், உலாவிக் காவலால் ஓரளவு பயன் உண்டு. ஆனாலும் அந்தக் கணினியில் வங்கி வேலையே செய்யாமல் இருப்பது அதைவிட நல்லது. குரோம்புக் என்ற கூகுளின் இயங்குதளம் கொண்ட மடிக்கணினி ஒன்றையோ, வேறு எதற்கும் பயன்படாத பழைய கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையோ வங்கிக்கென்று ஒதுக்க முடிந்தால், எந்தக் காவல் மென்பொருளும் தராத பலம் அதில் கிடைக்கும். ஒரு சிறு தொழிலின் கணக்கை நடத்துபவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்வேன். அங்கே ஒரே பரிமாற்றத்தில் போகும் தொகை பெரிது. பல இடங்களில் நிறுவனக் கணக்குகளுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு தனிநபருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

வயதான பெற்றோருக்காகக் கேட்கிறீர்கள் என்றால், மென்பொருளைவிட உச்சவரம்பையும் அறிவிப்பையும் கவனியுங்கள். பெரிய தொகை அனுப்பும் முன் உங்களை ஒரு முறை அழைக்கும் ஏற்பாட்டையும் அவர்களோடு பேசி வையுங்கள். அவர்களைத் தேடி வரும் ஆபத்து பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே வருகிறது.

மற்றபடி, பரிந்துரை மட்டும்தான், ஆறாம் படியில் உள்ளவை எல்லாம் சரியாக இருக்கின்றன என்றால், "பிறகு பார்க்கலாம்" என்ற அந்தச் சிறிய பொத்தானை நிம்மதியாக அழுத்துங்கள்.

படி 8: நிறுவுவதென்றால்

கணினியின் முக்கியக் கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டு, விண்டோஸில் ஒரு மீட்புப் புள்ளியை (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) உருவாக்குங்கள். வங்கித் தளத்துக்கு நீங்களே முகவரி தட்டிச் சென்று, அங்கிருந்து மட்டும் கோப்பை இறக்குங்கள். மென்பொருள் சேகரித்துத் தரும் மூன்றாம் தளங்கள் வேண்டாம்.

இறக்கிய கோப்பை உடனே திறக்காதீர்கள். அதன் மேல் வலச்சொடுக்கு செய்து, ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் டிஜிட்டல் கையொப்பத்தைப் பாருங்கள். இரண்டாம் படியில் குறித்து வைத்த நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அழித்துவிடுங்கள். கொரியாவில் நடந்தது போல் கையொப்பமே திருடப்படவும் கூடும் என்பதால் இது முழு உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் சாதாரணப் போலிகள் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

நிறுவும்போது "மேம்பட்ட அமைப்புகள்" என்று ஏதாவது இருந்தால் அதைத் தேர்ந்து, கூடவே தொற்றிக்கொண்டு வரும் தேடுபட்டை, உலாவி மாற்றம் போன்றவற்றை நீக்குங்கள். இது உலாவிக் காவல் வகையாக இருந்தால் உங்கள் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லாது. அணைக்கச் சொன்னால் நிறுவலை நிறுத்திவிட்டு வங்கியைக் கேளுங்கள். முழு வைரஸ் தடுப்பாக இருந்தால் பழையதை முதலில் நீக்க வேண்டும். இரண்டு வைரஸ் தடுப்புகள் ஒரே கணினியில் ஒன்றையொன்று முடக்கும்.

முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்து, வங்கித் தளத்தில் காவல் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்த சில வாரங்கள் உலாவியின் வேகத்தையும், மற்ற தளங்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்வது மிக முக்கியம். புதுப்பிக்காத காவல் மென்பொருள், காவலே இல்லாததைவிட மோசமாகப் போகலாம்.

செல்பேசியில்?

இங்கே பதில் சுருக்கமானது. ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஒவ்வொரு செயலியும் தனி அறையில் இயங்குகிறது. கணினி போல் ஒன்றுக்குள் ஒன்று எளிதில் நுழைய முடியாது. வங்கியின் செயலியை அதிகாரபூர்வக் கடையிலிருந்து இறக்கினால் போதும், தனியாக வங்கிக் காவல் தேவையில்லை.

ஆண்ட்ராய்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ வரும் ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) எதையும், வங்கியின் பெயரும் சின்னமும் இருந்தாலும், நிறுவாதீர்கள். அடுத்தது, அணுகல்தன்மை அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ உருவான இந்த வசதி, திரையில் உள்ளதைப் படிக்கவும் பொத்தான்களை அழுத்தவும் ஒரு செயலிக்கு அதிகாரம் தருகிறது. அனட்சா என்ற வங்கித் தீநிரல் பிடிஎஃப் படிக்கும் செயலி வேடத்தில் கூகுள் பிளேவுக்குள்ளேயே வந்து, இந்த அனுமதியைக் கேட்டு வாங்கித்தான் கணக்குகளைக் காலி செய்தது. பிடிஎஃப் படிக்க எதற்கு அந்த அனுமதி? அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியைத் திறந்து, யார் யாருக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள் என்று இன்றே பாருங்கள்.

படி 9: நீக்க நினைத்தால்

வங்கியை மாற்றிவிட்டீர்கள், அல்லது அந்த மென்பொருளின் பரிந்துரையை வங்கியே விலக்கிக்கொண்டது என்றால், அதைக் கணினியில் விட்டு வைக்காதீர்கள். விண்டோஸ் அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குப் போய் நீக்குங்கள், கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு உலாவியின் எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் தொடக்கத்தில் இயங்கும் நிரல்களின் பட்டியலையும் பாருங்கள். ஆழமாக இறங்கும் மென்பொருள்கள் எச்சங்களை விட்டுச் செல்வது வழக்கம். தயாரித்த நிறுவனமே தனி நீக்கும் கருவி தந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கோப்புறையை மட்டும் அழித்துவிட்டு நீக்கியாயிற்று என்று நினைக்க வேண்டாம். கெர்னல் டிரைவர் அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும். நீக்கியதும் டிஃபென்டர் மறுபடி விழித்துக்கொண்டதா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

படி 10: ஏதோ தவறு நடந்துவிட்டது என்று தோன்றினால்

வங்கிப் பக்கத்தில் வழக்கத்துக்கு மாறான கட்டம் முளைத்தாலோ, நீங்கள் கேட்காத ஓடிபி வந்தாலோ, போலி மென்பொருளை நிறுவிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலோ, முதல் வேலை அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டிப்பது. வைஃபையை அணையுங்கள் அல்லது கம்பியைப் பிடுங்குங்கள். அடுத்து, வேறொரு தொலைபேசியிலிருந்து அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்து, கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும்; அனுப்பிய பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

கடவுச்சொற்களை மாற்றுவது அதன் பிறகு, சந்தேகத்துக்கு இடமில்லாத வேறு சாதனத்திலிருந்து. மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். அது அவர்கள் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் மீட்டமைத்துக்கொள்வார்கள்.

கணினியை உடனே சுத்தம் செய்துவிட வேண்டாம். வந்த செய்திகள், மின்னஞ்சல்கள், அழைப்பு எண்கள், திரைக்காட்சிகள் எல்லாவற்றையும் செல்பேசியில் படமெடுத்துக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் தாருங்கள். அந்தப் புகாரின் நகலை வங்கிக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்புங்கள். பிறகு டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். அது விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ளும் தீநிரல்களையும் பிடிக்க வாய்ப்பு கூடுதல். வங்கித் தீநிரல் இருந்தது உறுதியானால் ஸ்கேனோடு நிறுத்திக்கொள்ளாமல் விண்டோஸை முழுவதுமாக மீண்டும் நிறுவுங்கள். அதுவரை அந்தக் கணினியில் எந்தக் கணக்கிலும் நுழையாதீர்கள்.